தடையும் வலுவும்: ஒரு கணிப்பின் வரலாற்றுப் பின்னணி

1883 ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் எங்கெல்ஸ் பேர்ண்ஸ்டைனுக்குக் கடிதமொன்று எழுதத் தொடங்கினார். மார்செல் தெப்ரே என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் தந்திக்கம்பி வழியே மின்சாரத்தைத் தொலைவுக்குச் செலுத்திய பரிசோதனை அதிற் பேசப்படுகின்றது. இம்முறை வளர்ச்சியுறின் கைத்தொழில் இட எல்லைகளிலிருந்து விடுபடும் என்றும், நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்குமிடையிலான முரண்பாட்டை நீக்கும் நெம்புகோலாக அது அமையும் என்றும் எங்கெல்ஸ் கருதினார். இக்கருத்தை நம்மவர் எடுத்தாள்வதுண்டு; அதற்கு அடித்தளமான கணக்கையோ பௌதிக மாணவர்க்குரியதென ஒதுக்கிவிடுகின்றோம். அக்கணக்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடத்தியொன்றின் இரு முனைகளுக்கிடையேயுள்ள அழுத்த வேறுபாடு வோல்ற்றிலும், அதனூடு பாயும் ஓட்டம் அம்பியரிலும் அளக்கப்படும். அழுத்த வேறுபாட்டை ஓட்டத்தால் வகுக்க வருவது தடை. அதன் அலகு ஓம். இரண்டையும் பெருக்க வருவது வலு. அதன் அலகு உவாற்று. பெருக்குவதற்குக் காரணம் எளிது. ஓரலகு மின்னேற்றம் எவ்வளவு சத்தியைக் கைமாற்றுகின்றது என்பதை வோல்ற்று கூறும். ஒரு செக்கனில் எத்தனை அலகு மின்னேற்றம் கடக்கின்றது என்பதை அம்பியர் கூறும். ஆகவே பெருக்கற்பயன் ஒரு செக்கனிற் கைமாறும் சத்தியாகும். 230 வோல்ற்றில் 5 அம்பியரைப் பெறும் நீர்சூடாக்கி ஒன்றைக் கொள்வோம். அதன் தடை 46 ஓம். வலு 1150 உவாற்று. ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினும், அதாவது 25 ஐ 46 ஆற் பெருக்கினும், அதே 1150 கிடைக்கும்.

இன்று பள்ளி மாணவர் ஒரு வரியில் எழுதும் இவ்வுறவு இலகுவிற் கிட்டியதன்று. பிரித்தானியப் பிரபு குடும்பத்தவரான கவெண்டிஷ், ஓட்டம் அழுத்த வேறுபாட்டுக்கு விகிதசமமாதலை 1781 இலேயே கண்டிருந்தார். ஓட்டமானி இல்லாத அக்காலத்தில், தம் உடலில் ஏற்பட்ட அதிர்ச்சியைக் கொண்டே அவர் ஓட்டங்களை ஒப்பிட்டார். எனினும் அவர் அதனை வெளியிடவில்லை. 1879 இல் மக்ஸ்வெல் பதிப்பிக்கும்வரை அது கையெழுத்துப் படியாகவே கிடந்தது. பூட்டுத் தொழிலாளியின் மகனும் பாடசாலை ஆசிரியருமான ஜோர்ஜ் சைமன் ஓம் அதனைப் புதிதாகக் காணவேண்டியிருந்தது. மின்கலங்களின் நிலையின்மை அவருக்கு இடராயிற்று. செப்பும் பிசுமதும் இணைந்த வெப்பவிணையைப் பயன்படுத்தி 1826 இல் உறுதியான அளவீடுகளைப் பெற்றார். 1827 இல் வெளிவந்த அவரது நூலை, பரிசோதனையை இழிவாக எண்ணிய கருத்துமுதல்வாத இயற்கைத் தத்துவச் சூழல் வரவேற்கவில்லை. 1841 இல் இலண்டன் றோயல் கழகம் அவருக்குக் கொப்லிப் பதக்கம் வழங்கியது. அக்காலம் தந்தித் தொழில் உருப்பெறத் தொடங்கிய காலம் என்பது மனங்கொள்ளத்தக்கது. நீண்ட கம்பியில் ஓட்டம் ஏன் நலிகின்றது என்ற வினா அப்பொழுது உற்பத்தியின் வினாவாகிவிட்டது.

அதே 1841 இல், மதுவடிசாலை உரிமையாளர் குடும்பத்தவரான யூல், கடத்தியில் தோன்றும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கும் தடைக்கும் விகிதசமமானதெனக் காட்டினார். தொலைவுக்குச் செலுத்தும் பிரச்சினையின் திறவுகோல் இதுவே. மொத்தம் 10 ஓம் தடையுள்ள கம்பிகள் வழியே 2000 உவாற்றை அனுப்புவதாகக் கொள்வோம். 200 வோல்ற்றில் அனுப்பின் ஓட்டம் 10 அம்பியர். கம்பியில் வெப்பமாய் இழக்கப்படுவது 1000 உவாற்று, அதாவது சரிபாதி. 2000 வோல்ற்றில் அனுப்பின் ஓட்டம் 1 அம்பியர். இழப்பு 10 உவாற்று மட்டுமே. அழுத்தம் பத்து மடங்காக, இழப்பு நூறில் ஒன்றாகின்றது.

இவ்விடத்தில் வழக்கமான தவறொன்றைச் சுட்டவேண்டும். 200 இன் வர்க்கத்தைப் 10 ஆல் வகுத்து, இழப்பு 4000 உவாற்று எனச் சிலர் கணிப்பர். அனுப்பியதிலும் இழந்தது மிகுதி என்பது பொருந்தாது. கம்பியின் முனைகளுக்கிடையே உள்ளது 100 வோல்ற்றே. எஞ்சிய 100 வோல்ற்று மறுகோடியிலுள்ள கருவிக்குரியது. எந்த அளவும் எவற்றுக்கிடையே எடுக்கப்பட்டது எனக் கேளாமற் பயன்படுத்துதல் ஆகாது. மேலும், விகிதம் மாறாதிருப்பது வெப்பநிலை முதலான நிபந்தனைகள் மாறாதவரையிலேயே. இழைக் குமிழொன்று எரியும்போது கொண்டுள்ள தடை, அது குளிர்ந்திருக்கும்போது உள்ளதிலும் பன்மடங்கு அதிகம். ஆடலோட்டத்தில் இயங்கும் மோட்டர்களுக்கு வலுக்காரணியையும் சேர்த்தே பெருக்கவேண்டும்.

தெப்ரே 1882 இல் மீஸ்பாக்கிலிருந்து மியூனிச்சுக்கு ஏறத்தாழ 57 கிலோமீற்றர் தூரம் மின்சாரத்தைச் செலுத்தியபோது வலுவின் பெரும்பகுதி வழியில் இழக்கப்பட்டது. எங்கெல்ஸ் நோக்கியது அன்றைய பெறுபேற்றையன்று, அதன் வளர்ச்சித் திசையை. 1891 இல் லவுஃபெனிலிருந்து பிராங்பேட்டுக்கு 175 கிலோமீற்றர் தூரம் உயரழுத்த ஆடலோட்டம் செலுத்தப்பட்டது. நான்கில் மூன்று பங்களவு வலு போய்ச் சேர்ந்தது.

எனினும் கணக்கு தன்னளவில் முரண்பாட்டை நீக்கிவிடுவதில்லை. நமது நாட்டில் 1950 இல் லக்ஸபான முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது; மலையக அருவிகளின் வலு உயரழுத்தக் கம்பிகள் வழியே கொழும்பை அடைந்தது. அக்கம்பிகள் கடந்துசென்ற தோட்டங்களிலோ லயன் அறைகள் பல, பின்னரும் பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன. அங்கு தடையாயிருந்தது கம்பியின் ஓம் அன்று. கம்பியின் தடையைக் கணிக்கக் கற்றவர்க்கே, எஞ்சிய தடை சமூகத்தினுடையது என ஐயமின்றிக் கூறமுடியும். கலைத்துறையினரும் இக்கணக்கைப் பயிலவேண்டும் என்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டியதில்லை.