வேலை கிடைக்கும்வரை ஊருக்காகச் சில மணித்தியாலங்கள்

நீங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள். ஆனால் தொழில் இன்னும் திரும்பவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. கடை, மரக்கறித் தோட்டம், கூலிவேலை என எதை நம்பியிருந்தாலும், பழைய வருமானம் வரக் காலம் எடுக்கலாம்.

முகாமில் பதிவு, வரிசை, சமையல் என்று நாள் ஓடியது. வீட்டில் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. விடிந்தால் போக ஓர் இடமில்லை என்பது பணக் கஷ்டத்தைப் போலவே மனதைக் களைக்கச் செய்யும். தூக்கம் குறையும், எரிச்சல் கூடும், ஆட்களைச் சந்திக்கவே மனம் வராது.

தொண்டர் பணி சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனாலும் அது நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தரும், நாலு பேருக்கு உங்களைத் தெரியவைக்கும். வேலை இருக்கிறது என்ற செய்தி ஊரில் பெரும்பாலும் வாய்வழியாகத்தான் வருகிறது.

தெல்தெனியவுக்கு இடம்பெயர்வு புதிதல்ல. பழைய நகரம் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. இன்றைய நகரம் மேட்டில் புதிதாக எழுப்பப்பட்டது. மீண்டும் தொடங்குவது எப்படி என்பதை இங்குள்ள மூத்தவர்கள் பலர் அறிவார்கள்.

என்ன செய்யலாம்?

*மழையை அளத்தல்.* மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் மழைமானியைத் தவறாமல் பார்த்துக் குறித்து வைப்பவர் ஊரையே காக்கிறார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் அளவுகள் இவை: 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பாக இருங்கள். 100 மி.மீ. தாண்டினால் வெளியேறத் தயாராகுங்கள். 150 மி.மீ. தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தால், உடனே வெளியேறுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் மழைமானியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

*மொழி உதவி.* தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் பிரதேச செயலகத்திலோ வைத்தியசாலையிலோ பக்கத்தில் நின்றால், ஒரு முதியவரின் அரை நாள் மிச்சமாகும். படிவம் நிரப்பிக் கொடுப்பதும் பெரிய உதவி. சிங்களம் பேசும் அயலவருக்கும் கைகொடுங்கள். அவர்கள் வீட்டிலும் அதே மழைதான் பெய்தது.

*முதலுதவி.* இலங்கை செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கண்டியில் கிளை உண்டு. தொண்டராகச் சேர்வது பற்றியும் முதலுதவிப் பயிற்சி பற்றியும் அங்கே விசாரியுங்கள்.

*சிரமதானம்.* கிணறு, வடிகால், பாடசாலை வளவு ஆகியவற்றைத் துப்புரவு செய்யலாம். சேற்றில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. சப்பாத்தும் கையுறையும் அணியுங்கள். தடுப்பு மருந்து தேவையா என்று முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். சரிந்த மண்மேட்டில், அதிகாரிகள் அனுமதிக்கும்வரை கால் வைக்க வேண்டாம்.

வீட்டை விட்டு வெளியேற முடியாத தாய்மார், அயல் பிள்ளைகள் சிலரை மாலையில் கூட்டிவைத்துப் படிக்கச் செய்யலாம். அதுவும் தொண்டுதான்.

எப்படித் தொடங்குவது?

உங்கள் கிராம உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கிராம மட்ட அனர்த்த முகாமைத்துவக் குழு இயங்குகிறதா, எந்த வேலைக்கு ஆள் தேவை என்று கேளுங்கள். கோயில், பள்ளிவாசல், விகாரை, மரண உதவிச் சங்கம் ஆகியவற்றிலும் விசாரிக்கலாம். முதலில் கிழமைக்கு இரண்டு அரை நாள் போதும். ஏற்றுக்கொண்ட நேரத்துக்குப் போங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒரு கொப்பியில் திகதி, நேரம், செய்த வேலை ஆகியவற்றை எழுதி, பொறுப்பாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். வேலை கேட்டுப் போகும்போது அது பேசும். மேசன் வேலை, மின்வேலை போன்ற தொழிலில் ஏற்கெனவே நீண்ட அனுபவம் உள்ளவர்கள், முழுப் பாடநெறியைப் படிக்காமலே திறனை மதிப்பிடச் செய்து, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. நைட்டா நிறுவனத்திலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ கேளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

- கூலிவேலை கிடைத்த நாளில் கூலிவேலைக்கே போங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.
- தனியாரின் இலாபத்துக்காகச் சம்பளமின்றி உழைப்பது தொண்டல்ல. கூலியைக் கேளுங்கள்.
- தொண்டராகச் சேர்த்துவிடுவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.
- நிவாரணத்துக்கும் நட்டஈட்டுக்குமான உங்கள் பதிவுகளைத் தொடருங்கள். உதவி செய்பவருக்கும் உதவி பெறும் உரிமை உண்டு.
- மனச்சோர்வு இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, தனியே தாங்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. எந்நேரமும் அழைக்கலாம்.

இந்தக் கிழமை ஒரே ஒரு வேலையைத் தெரிவு செய்யுங்கள். கிராம உத்தியோகத்தரின் அலுவலக நாளைக் கேட்டறிந்து, பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.