தங்கக் கொத்துக்கு வலமும் இடமும் எங்கிருந்து வந்தன?

சாதாரணத் தங்கத்துக்கு வலம், இடம் என்ற பேதம் இல்லை. அதன் படிக அமைப்பும் கண்ணாடிப் பிம்பமும் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தும். ஆனால் தங்கத்தைச் சில பத்து அணுக்கள் மட்டுமே கொண்ட நானோ கொத்தாக்கி, கந்தகம் கொண்ட தயால் மூலக்கூறுகளால் போர்த்தினால் கதை மாறுகிறது. ஜார்ஜியா டெக்கில் ஷாஃப், வெட்டன் இருவரும் 2000-இல் குளூட்டாதயான் போர்த்திய தங்கக் கொத்துகளை ஆராய்ந்தார்கள். வலமாகச் சுழலும் ஒளியையும் இடமாகச் சுழலும் ஒளியையும் அவை வெவ்வேறு அளவில் உறிஞ்சின.

குளூட்டாதயான் தானே வல இட பேதம் உடையது. எனவே பேதம் போர்வையுடையதா, தங்கத்துடையதா என்ற கேள்வி நின்றது. 2007-இல் ஸ்டான்ஃபோர்டில் ரோஜர் கோர்ன்பெர்க் குழு 102 தங்க அணுக்கள் கொண்ட கொத்தின் எக்ஸ்-கதிர் படத்தை வெளியிட்டது. போர்வை மூலக்கூறில் எந்தப் பேதமும் இல்லை. ஆனாலும் படிகத்தில் வல, இட வடிவங்கள் இரண்டும் இருந்தன!

38 அணுக் கொத்து இதை இன்னும் தெளிவாக்குகிறது. உள்ளே 23 அணுக்கள் கருவாக நிற்க, மீதி 15-உம் 24 தயால்களோடு கோத்துக்கொண்டு மேற்பரப்பில் தைத்திருக்கின்றன. இந்தத் தையல்களை வேதியியலாளர்கள் 'ஸ்டேப்பிள்' என்பார்கள். ஆறு நீளத் தையல்கள், முனைக்கு மூன்றாக, மின்விசிறி இறக்கைகள்போல் ஒரே திசையில் முறுகி நிற்கின்றன. அந்த முறுக்கின் திசைதான் கொத்தின் வலமும் இடமும்.

ஜெனீவாவில் தாமஸ் பர்கி குழு 2012-இல் இரு வடிவங்களையும் வண்ணப்பிரிகை முறையில் தனித்தனியே பிரித்தது. என்னை மிகவும் வியக்க வைத்தது அடுத்து நடந்தது. பிரித்த ஒன்றை 40 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியபோது, கொத்து சிதையாமலே தையல்கள் இடம் மாறி, வலம் இடமாகி, கடைசியில் இரண்டும் கலந்த கரைசல் மிஞ்சியது. உறுதியானது என்று பெயர் பெற்ற தங்க-கந்தகப் பிணைப்பு இவ்வளவு நெகிழும்! சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதீப் குழு காட்டியதும் இந்த நெகிழ்வைத்தான்: தங்கக் கொத்தும் வெள்ளிக் கொத்தும் கரைசலில் கலந்தால் அணுக்களையே பரிமாறிக்கொள்கின்றன.

ஆக, கட்டுப்பாடு என்பது தையலைப் பிடித்து வைப்பதே. இரண்டு கந்தக அணுக்கள் கொண்ட 'பைனாஸ்' மூலக்கூறைச் சேர்த்தால் அது மேற்பரப்பில் இரண்டு இடங்களில் பற்றிக்கொள்கிறது. முறுக்கு மாற அதிக வெப்பம் வேண்டியிருக்கிறது. மாறாக, கருவில் இரண்டு தங்க அணுக்களுக்குப் பதில் பல்லேடியம் வைத்தால் முறுக்கு இன்னும் குறைந்த வெப்பத்திலேயே புரண்டுவிடுகிறது. மேற்பரப்பைத் தொடாமல் உள்ளே செய்த மாற்றம் மேற்பரப்பை அசைக்கிறது.

ஒரு பக்க வடிவ மருந்து மூலக்கூறை மட்டும் உருவாக்கும் வினையூக்கியாக இக்கொத்துகளைப் பயன்படுத்த ஆசை இருக்கிறது. வினைக்கோ பெரும்பாலும் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் புரளாத தையல்தான் இப்போது தேவை.