வாயில்லா நோயாளியும் ஊடுகதிர்ப் படமும்

நோயுற்ற மனிதன் வலிக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறான். நாய்க்கு அவ்வசதி இல்லை. ஆகவே, கண்ணுக்கும் கைக்கும் எட்டாததை அறியக் கால்நடை மருத்துவர் எக்ஸ்-ரேயின் துணையை நாடுகிறார். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் என்னும் பௌதிகப் பேராசிரியர் 1895-ஆம் ஆண்டு நவம்பரில் கண்டறிந்த கதிர்கள் இவை.

உடலிலுள்ள பொருள்கள் யாவும் இக்கதிர்களை ஒரே அளவில் தடுப்பதில்லை. படத்தில் காற்று கறுப்பாகவும், கொழுப்பு கருஞ்சாம்பலாகவும், தசையும் நீரும் இளஞ்சாம்பலாகவும், எலும்பு வெண்மையாகவும், உலோகம் பளிச்சென்ற வெண்மையாகவும் தோன்றும். இவ்வைந்து சாயல்களே இக்கலையின் அரிச்சுவடி எனலாம்.

படம் என்பது நிழலே. நிழலுக்கு ஆழம் இல்லை. ஆதலின் நாயைப் பக்கவாட்டில் கிடத்தி ஒன்றும், மல்லாத்தி ஒன்றுமாக இரண்டு படங்களேனும் எடுப்பது முறை. ஒன்றில் மறைந்த எலும்பு முறிவு மற்றொன்றில் வெளிப்படும்.

விழுங்கிய ஊசியும் நாணயமும் எளிதில் தெரியும். துணி தெரியாமற் போகலாம். அடைப்புக்கு முன்னுள்ள குடல் உப்பியிருப்பதே அப்போது குறிப்பு. சினையுற்ற நாயின் வயிற்றில் ஏறத்தாழ 45 நாட்களுக்குப் பின் குட்டிகளின் எலும்புகள் படத்தில் தெரியத் தொடங்கும். இறுதி வாரத்தில் எடுத்தால் குட்டிகளை எண்ணியும் விடலாம்.

ஆனால், உயிருக்கே உலை வைக்கும் நிலை ஒன்றுண்டு. ஆழ்ந்த மார்புடைய பெரிய இன நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, முறுக்கிக்கொள்வதுண்டு. வயிறு வீங்கும், நாய் ஓங்கரிக்கும், எதுவும் வெளிவராது, எச்சில் ஒழுகும். வெறும் வீக்கமா, முறுக்கலா என்பதை வெளியிலிருந்து உறுதிசெய்வது கடினம். வலப்புறம் கிடத்தி எடுத்த படத்தில் இரைப்பை, நடுவே கோடிட்டாற்போல் இரு காற்றறைகளாகத் தோன்றினால் அது முறுக்கலே. அறுவைச் சிகிச்சை தாமதமானால் சில மணி நேரத்தில் நாய் இறக்கக்கூடும்.

எக்ஸ்-ரேக்கும் எல்லை உண்டு. மூளையையோ தசைநார்க் கிழிவையோ அது நேரே காட்டாது. நாய் அசைந்தால் படம் கலங்கும்; ஆகவே சில வேளைகளில் மயக்க மருந்து வேண்டியிருக்கும். மருத்துவர் நம்மை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னால் வருந்த வேண்டுவதில்லை; தேவையற்ற கதிர் நம்மீது படாதிருக்கவே அவ்வாறு சொல்கிறார். நாய் எப்போது உண்டது, எதை விழுங்கியது, எப்போது நோயுற்றது என்பவற்றைத் தெளிவாகச் சொல்வதே நம் கடமை. படம் பேசாத இடத்தில் நம் சொல்லே அதற்கு உதவும்.