பல அடுக்குப் பசுங்கூரை

மாணவர்களே, நம் தாத்தா பாட்டி பால்மரம் சீவிய ரப்பர் தோட்டம் ஆண்டுக்கொரு முறை மொத்தமாக இலையுதிர்க்கும். எல்லாம் ஒரே இனம். ஆகவே அந்த வாரங்களில் வெயில் வீணாகத் தரையில் விழும்.

கமுந்திங்கிற்கு அருகிலுள்ள மெக்ஸ்வெல் மலைக் காட்டில் அப்படியில்லை. ஒரு மரம் இலையுதிர்த்தாலும் பக்கத்து மரம் பசுமையாக நிற்கும். மெரந்தி போன்ற உயர்ந்த மரங்கள் நேரடி வெயிலை ஏற்கும். அவற்றின் இடைவெளியில் நழுவும் ஒளியை, நிழல் தாங்கும் மரங்கள் தம் மெல்லிய இலைகளால் பிடித்து ஒளிச்சேர்க்கை செய்யும். தரையை எட்டுவது ஏறக்குறைய 2 விழுக்காடே.

நெகிரி செம்பிலான் பாசோ காட்டில் 50 ஹெக்டரில் மட்டும் 800க்கும் மேற்பட்ட மர இனங்கள் உள்ளன.

காட்டை அழித்து ஒரே வகை மரத்தை நட்டால் பச்சை நிறம் திரும்பும், அடுக்குகள் திரும்பா. அடுத்த முறை மலையேறும்போது அண்ணாந்து பாருங்கள். எத்தனை அடுக்கு தெரிகிறது?