உங்களுக்குத் தெரியுமா? பழைய ஈயத்தை எடுக்கப் புது ஈயம் வேண்டும்!

ஹாம் ரேடியோ கிட்டில் ஒரு டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்துப் பற்றவைத்துவிட்டால், அதைக் கழற்றும்போது முதலில் செய்ய வேண்டியது அந்த இணைப்பில் கொஞ்சம் புது ஈயத்தைச் சேர்ப்பதுதான். ‘இருப்பதையே எடுக்க முடியவில்லை, இன்னும் சேர்ப்பதா?’ என்று தோன்றும். ஆனால் தடையாக நிற்பது ஈயத்தின் அளவல்ல, அதன் மேல் படிந்த ஆக்சைடு படலம். மங்கிச் சொரசொரப்பாகிப்போன ஈயத்தைச் சால்டரிங் அயர்னின் நுனி ஒரு புள்ளியில்தான் தொடும். சூடு சரியாக உள்ளே இறங்காது. புது ஈயக் கம்பியின் நடுவிலுள்ள ஃப்ளக்ஸ் அந்தப் படலத்தை நீக்கும். உருகிய ஈயம் நுனியிலிருந்து டிரான்சிஸ்டரின் காலுக்குச் சூட்டைக் கொண்டுபோகும். மொத்தமும் பளபளவென்று இளகியதும் பம்ப்பாலோ செம்புப் பின்னலாலோ உறிஞ்சினால் சர்க்யூட் பலகையிலுள்ள துளை சுத்தமாகும்.

‘சூட்டைக் கூட்டினால் போதாதா?’ எனலாம். 63% வெள்ளீயமும் 37% காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அயர்னில் சூடு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. அது போய்ச் சேரத்தான் வழியில்லை. சூட்டைக் கூட்டி அழுத்திப் பிடித்தால், செம்புத் தடத்தைப் பலகையோடு ஒட்டியிருக்கும் பசை பிடிவிட்டு, தடமே பெயர்ந்து வந்துவிடும். பல கால்கள் கொண்ட ஐசி அசைய மறுத்தால், கால்களை வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக எடுப்பதே நல்லது. ஐசியை மாற்றிக்கொள்ளலாம், பெயர்ந்த தடத்தை மீட்பது கடினம். முதலில் காக்க வேண்டியது பலகையைத்தான்.