மூளையும் மொழியும்

"எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. அச்சிரசிற்குப் பெருமை அளிப்பது அதனகத்தே மறைந்துறையும் மூளையேயாம். கண் காண்பதும், செவி கேட்பதும், கால் நடப்பதும், நா பேசுவதும் ஆகிய யாவும் அதன் ஏவலின்வழி நிகழ்வன. அவ்வுறுப்பின் அமைப்பையும் தொழிலையும், சிறப்பாக அதற்கும் நாம் பேசும் மொழிக்கும் உள்ள தொடர்பையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றேன்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு மூளையைக் குறித்து எழுத வேண்டுவதென்னை எனச் சிலர் வினவக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. தொல்காப்பியனார் தம் நூலின் பிறப்பியலில், உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களைப் பொருந்தி எழுத்தொலியாகப் பிறக்குமாற்றை விளக்கியுள்ளார். அதனைப் பாடங்கேட்ட நாளில் என் உள்ளத்தே ஓர் ஐயம் எழுந்தது. என் பாட்டனார் கிராமப் பாடசாலையொன்றில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவர். நான் சிறுவனாயிருந்த காலத்து ஒரு நாட் காலையில் அவர் பக்கவாதத்தாற் பீடிக்கப்பட்டார். வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன, பேச்சும் ஒழிந்தது. உணவை மென்று விழுங்கினார், இருமினார், நகைக்கவும் செய்தார். ஆயினும் "தண்ணீர்" என்னும் ஒரு சொல் அவர் வாயினின்றும் வரவில்லை. எழுத்துப் பிறக்கும் இடங்கள் எட்டும் இருப்பவும் சொல் பிறவாதது ஏன்? இவ்வினாவே என்னை மூளையைப் பற்றிக் கற்கத் தூண்டியது.

நிற்க. முதற்கண் மூளையின் அமைப்பை நோக்குவாம். மூளையானது வலிய கபாலத்தினுள் மூன்று சவ்வுகளாற் போர்த்தப்பட்டு, தெளிந்த நீரொன்றில் மிதந்துகொண்டிருக்கின்றது. தலை அசையுந்தோறும் அது கபாலத்தில் மோதாதவாறு காப்பது அந்நீரே. வளர்ந்த மனிதனது மூளையின் நிறை ஏறக்குறைய 1,300 முதல் 1,400 கிராம் வரை. இஃது உடல் நிறையில் ஐம்பதில் ஒரு பங்கேயாம். எனினும், உடல் ஓய்ந்திருக்கும்போது செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை இதுவே கொள்ளுகின்றது. இதனுள் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளனவென இக்காலத்து ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கின்றனர். ஒவ்வோர் அணுவும் நுண்ணிய இழைகளை நீட்டிப் பிற அணுக்கள் பலவற்றோடு தொடர்பு கொண்டுள்ளது. செய்தியானது இழையின்வழி மின்விசையாக ஓடி, முனையை அடைந்ததும் ஒருவகை இரசாயனப் பொருளைச் சுரப்பித்து, அதன் வாயிலாக அடுத்த அணுவைச் சேர்கின்றது.

மூளையை மூளைத்தண்டு, சிறுமூளை, பெருமூளை என மூன்று பெரும்பகுதிகளாகப் பிரித்துக் கூறலாம். மூளைத்தண்டு யாவற்றிற்கும் கீழே நின்று தண்டுவடத்தோடு இணைவது. அதன் அடிப்பகுதிக்கு முகுளம் என்று பெயர். நாம் உறங்கும்போதும் மூச்சு இடையறாது இயங்குமாறும், இதயத்துடிப்பு ஒழுங்குபெறுமாறும் காவல் செய்வது அதுவே. முகுளம் கெடின் உயிர் நிலைத்தல் அரிது. சிறுமூளை பின்புறத்தே பெருமூளையின் கீழ் அமைந்திருப்பது. நிறைகுடத்தை இடுப்பில் ஏந்தி வயல்வரப்பின்மேல் வழுவாது நடந்து வருகின்றாள் ஒருத்தி. அவளது நடையைச் செவ்வை செய்வதும், உடலின் நிலை சாயாது காப்பதும் சிறுமூளையின் தொழிலாம்.

பெருமூளையே அளவாற் பெரியது. அது வலம், இடம் என இரு கூறுகளாகப் பிரிந்து, நடுவே நரம்பிழைகளாலாகிய தடித்த பட்டையொன்றால் இணைக்கப்பட்டுள்ளது. அதன் மேற்பரப்பில் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனமே உடைய சாம்பல் நிறப் புறணி படர்ந்திருக்கின்றது. சிறிய கபாலத்தினுள் பெரிய பரப்பு அடங்க வேண்டுதலின், இப்புறணி அக்ரோட்டுப் பருப்பைப்போல் மடிந்து மடிந்து கிடக்கின்றது; அதன் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு மடிப்புகளுக்குள்ளேயே மறைந்துள்ளது. ஒவ்வொரு கூறும் நான்கு பகுதிகளை உடையது. நெற்றிப்பகுதி எண்ணித் துணிவதற்கும், கைகால்களை ஏவுவதற்கும் உரியது. உச்சிப்பகுதி தொடுவுணர்வையும், பிடரிப்பகுதி காட்சியையும், செவியோரப்பகுதி கேள்வியையும் ஏற்பன. செவியோரப்பகுதியின் உட்புறத்தே கடற்குதிரையின் வடிவையொத்த ஓர் உறுப்பு, புதிய செய்திகளை ஞாபகத்திற் பதியவைக்கின்றது.

இங்கு வியக்கத்தக்கதொன்றுண்டு. மூளையின் இடக்கூறு உடலின் வலப்பாதியையும், வலக்கூறு இடப்பாதியையும் ஆளுகின்றன. ஏவல் கொண்டு செல்லும் நரம்பிழைகளுட் பெரும்பாலன முகுளத்தில் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பக்கம் மாறுகின்றமையே இதற்குக் காரணம். ஆகவே, என் பாட்டனாரின் வலக்கை தளர்ந்ததெனின், பழுதுற்றது மூளையின் இடப்பாதி என்பது விளங்கும். அவ்வாறாயின் பேச்சு ஒழிந்ததும் அதன் விளைவோ என்னும் வினா எழும். இதற்கு விடை பிரான்சு தேசத்திற் கிடைத்தது.

பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள பிசேத்ர் மருத்துவசாலையில் லெபோர்ன் என்பார் ஒருவர் 21 ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் எதனை வினவினும் "தான், தான்" என்றே விடையிறுப்பார். அஃதன்றி வேறு சொல் அவர்க்கு வாராது. ஆதலின் ஆங்கிருந்தோர் அவரைத் "தான்" என்றே அழைத்தனர். 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், காலில் உண்டான கொடிய நோய் காரணமாக அவர் பால் புரோக்கா என்னும் அறுவை மருத்துவரிடம் கொண்டுவரப்பட்டார். "நீர் இங்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின?" என்று புரோக்கா வினவ, நோயாளர் ஒரு கையை நான்கு முறை விரித்துக் காட்டிப் பின்னர் ஒரு விரலை நீட்டினார், ஐந்நான்கு இருபதும் ஒன்றும் இருபத்தொன்று! மறுநாளும் அவ்வினாவே விடுக்கப்பட்டது, விடையும் அதுவே. மூன்றாம் முறை வினவியபோது, தம்மைச் சோதிக்கின்றனர் என்பதை உணர்ந்து அவர் சினங்கொண்டார். அச்சினத்தின் வேகத்தில் வசைமொழி ஒன்று மட்டும் தெளிவாக வெளிப்பட்டது. எண்ணவும் நினைவு கூரவும் சினக்கவும் வல்ல ஒருவரை அறிவிலி என்பது எங்ஙனம் பொருந்தும்?

சின்னாளில் அவர் இறந்தார். புரோக்கா அவரது மூளையை எடுத்து நோக்க, இடக்கூற்றின் நெற்றிப்பகுதி பழுதுற்றிருக்கக் கண்டார். சொல்லை அமைத்து நாவிற்கு ஏவும் தொழில் அவ்விடத்தைச் சார்ந்ததென அவர் வெளியிட்டார். அதனை இன்றும் புரோக்காவின் பகுதி என வழங்குகின்றனர்.

1874-ஆம் ஆண்டில் கார்ல் வெர்னிக்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதற்கு மறுதலையான நோயொன்றை விளக்கினார். அந்நோயாளர் தடையின்றிப் பேசுவர். ஆனால் அப்பேச்சிற் பொருளிராது. பிறர் கூறுவதையும் அவர் நன்கு உணரார். அவர்க்குப் பழுதுற்ற இடம் இடச் செவியோரப்பகுதியின் பின்புறமாம். பிற்காலத்து ஆராய்ச்சியோ, மொழித்தொழில் இவ்விரண்டிடங்களில் மட்டும் அடங்குவதன்று என்றும், பல பகுதிகள் வலைபோற் பின்னி ஒருங்கு செய்வதென்றும் காட்டியுள்ளது. எனினும், வலக்கைப் பழக்கமுடையோருட் பெரும்பாலார்க்கு அவ்வலை இடக்கூற்றைச் சார்ந்தே நிற்கின்றது. இசையின் ஏற்றத்தாழ்வை உணர்வதில் வலக்கூற்றிற்குப் பெரும் பங்கு உண்டு.

இதனைக் கற்றபோதுதான் எங்கள் இல்லத்து நிகழ்ச்சியொன்று எனக்கு விளங்கிற்று. பாட்டனார் நோயுற்ற சில மாதங்களின் பின், ஒரு மாலையிற் குடும்ப ஜெபத்தின்போது, அவர்க்கு மிகப் பழக்கமான பாமாலைப் பாட்டொன்றை நாங்கள் பாடினோம். "தண்ணீர்" எனச் சொல்லமாட்டாதவர் அப்பாட்டின் அடிகளைச் சொற்பிழையின்றி உடன் பாடினார். பாட்டு முடிந்ததும் பேச முயன்றார், இயலவில்லை, அவர் கண்களில் நீர் பெருகிற்று. பேச இயலாதோர் பலர் பழகிய பாடல்களைப் பாட வல்லராயிருத்தல் மருத்துவர் நன்கறிந்த செய்தியாம். இவ்வுண்மையைத் துணையாகக் கொண்டு, சொற்களை இசையோடு கூட்டிப் பயிற்றும் சிகிச்சை முறையொன்றை 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சிலர் வெளியிட்டனர். நாங்கள் அதனை அறியோம். காண வந்தவர்கள் "ஐயாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது" என்று அவர் செவி கேட்கவே கூறிச் சென்றனர். நாங்களும், "அவர் சாப்பிட்டாரா? அவர் உறங்கினாரா?" என்று பாட்டியாரை வினவினோமேயன்றி, அவரை நோக்கி ஒருநாளும் வினவினோமில்லை. ஆண்டு பலவாக மாணாக்கர்க்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடம் கற்பித்த ஆசிரியரை, அவர் முன்னிலையிலேயே படர்க்கையில் வைத்துப் பேசினோம். அவர் இறந்த பின்னரே இப்பிழையை நான் உணர்ந்தேன்.

ஆதலின் நண்பர்காள், இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளுதல் நன்று. முதலாவது, முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய குறிகளுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் சிறிதும் தாழாது நோயாளரை மருத்துவசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். இரத்தம் எட்டாத மூளையணுக்கள் சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்குகின்றன. இரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தும் பெரும்பாலும் முதல் நான்கரை மணி நேரத்திற்குள் அளித்தாலே பயன்படும். இரண்டாவது, பேச்சிழந்தாரிடம் பேசுதலை நிறுத்தலாகாது. சிறு சிறு வாக்கியங்களாக மெல்லக் கூறுதல், "ஆம்", "இல்லை" எனத் தலையசைப்பால் விடையிறுக்கத்தக்க வினாக்களை விடுத்தல், விடை வரும்வரை பொறுத்திருத்தல் ஆகிய இவை யாவர்க்கும் எளியன. மூளையும் தன்னாலியன்றவரை இழந்த தொழிலைப் பிற பகுதிகளைக் கொண்டு மீண்டும் கற்க வல்லது. ஆனால் அதற்குப் பயிற்சியும், உடன் உரையாடுவாரும் வேண்டும்.

எழுத்துப் பிறக்கும் இடங்களை இலக்கணம் நமக்குக் காட்டியது. சொல்லை ஏவும் இடங்களை மருத்துவநூல் காட்டுகின்றது. சொல் ஒழிந்தமையால் அறிவும் ஒழிந்ததென்று கொள்ளற்க என்பதே இவ்விரண்டையும் ஒருங்கு கற்றதனால் நான் பெற்ற பயன். நம் இல்லங்களிலும் அயலிலும் அத்தகையோர் உளராயின், அவரருகே அமர்ந்து, அவரை முன்னிலையில் அழைத்துப் பேசுவோமாக.