குறில், மெய், பயனிலை... குழந்தையின் ஹோம்வொர்க்கை 2 சொல்லில் புரிஞ்சுக்கலாமா?

தொடக்கப் பள்ளிக் குழந்தை தமிழ்ப் புத்தகத்தோடு வந்து, "குறில்னா என்ன? பயனிலைனா என்ன?" என்று கேட்டால், பல பெற்றோருக்கு கூகுள்தான் கதி. விளக்கத்தை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது.

1991-ல், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வேகமெடுத்தது. கல் குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், சைக்கிளும் பழகினார்கள். வெறும் அ, ஆ மனப்பாடம் இல்லை; அன்றாடச் சொற்கள் வழியாகப் படிப்பு. கைநாட்டு வைத்தவர் தன் நிலத்துக்கான தாளைத் தானே வாசிப்பது சின்ன விஷயமா என்ன?

அதே வழியில், கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த 'பட்டா'வையும், 'படி'யையும் எடுத்துக்கொள்வோம்.

எழுத்து: ப, ட், டா. புள்ளி வைத்த 'ட்' மெய். ப் + அ = ப, ட் + ஆ = டா; இவை உயிர்மெய். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247.

குறில், நெடில்: 'ப' குறில், 1 மாத்திரை. 'டா' நெடில், 2 மாத்திரை. மெய்க்கு அரை. நீட்டல் மாறினால் பொருளும் மாறும்: படம், பாடம்.

ஒலி: 'பட்டா'வில் ட அழுத்தமாக ஒலிக்கும், 'படி'யில் மென்மையாக. எழுத்து ஒன்றுதான். 'ட்'டைக் கவனிக்காமல் விட்டால் 'பட்டம்' 'படம்' ஆகிவிடும். வாசிக்கத் தொடங்கும் குழந்தைகள் தடுமாறும் இடம் இது.

சொல்: பட்டா, பெயர்ச்சொல். "பாடத்தைப் படி" என்றால் 'படி' வினைச்சொல். மாடியில் ஏறும் 'படி' பெயர்ச்சொல். வரும் இடம்தான் முடிவு செய்யும்.

வாக்கியம்: "அம்மா பட்டாவைப் படித்தார்." யார்? அம்மா: எழுவாய். எதை? பட்டாவை: செயப்படுபொருள். வாக்கியத்தை முடிக்கும் 'படித்தார்' பயனிலை. அவ்ளோதான்!

இப்போது ஏன் முக்கியம்?

கொரோனா காலக் கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய, 2022-ல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. 1 முதல் 3-ம் வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறை. குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதோடு, எந்த அளவு வாசிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

வீட்டிலும் அதைப் பார்க்கலாம். பஸ் போர்டில் 'அறந்தாங்கி' வந்தால், நெடில் எத்தனை, மெய் எத்தனை என்று கேளுங்கள். 'தா' மட்டும் நெடில். ந், ங் இரண்டும் மெய். குழந்தை சரியாகச் சொல்லிவிட்டால் விளக்கம் தனியாகத் தேவையில்லை.